மாலை போட்ட படத்துக்கு முன்னாடி ரசீது புக்கோட

காலமானவங்க பேர்ல காசு கேக்குறதுதான் என் வேலை. புள்ளையார் சதுர்த்திக்கோ, தெருவுல கூழ் ஊத்தவோ நோட்டைத் தூக்கிகிட்டு ஒரு வூட்டு பெல்லையாவது அடிச்சிருக்கீங்களா? உள்ள ஓடின டிவி சத்தம் பட்டுனு நிக்கும் பாருங்க, அந்த அமைதி உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.

தாம்பரத்துல எங்களுது ஒரு சின்ன டிரஸ்ட். ரத்தப் புற்றுநோய்ல போனவங்க நினைவா குடும்பம் குடுக்குற பணத்தைச் சேர்த்து, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையை ஆராயுற லேபுக்கு அனுப்புவோம். எத்தனையோ வூடு ஏறி இறங்கியாச்சு. ஏழுமலை அண்ணன் வூட்டுல நடந்ததை மட்டும் சொல்றேன்.

பேரு எங்க எழுதுவீங்க?

ஏழுமலை அண்ணன் மேடவாக்கத்துல தண்ணி லாரி வச்சிருக்காரு. பொண்ணு ரேவதி காலேஜ் படிக்கும்போதே ரத்தப் புற்றுநோய் வந்துடுச்சு. அவ அண்ணன் தினேஷோட மஜ்ஜை பொருந்திச்சு, எடுத்து ஏத்துனாங்க. நாலு மாசம் நல்லா இருந்தா. அப்புறம் நோய் திரும்பி வந்து, பொண்ணு போயிடுச்சு. அன்னிலேருந்து தினேஷ் தங்கச்சி படத்துக்கு முன்னாடி நிக்கிறதில்ல. லாரியிலயே சாப்பாடு, லாரியிலயே தூக்கம். முதல் வருஷ நினைவு நாளுக்காவது அவன் உள்ள வந்து ஒரு மாலை போட்டா போதும்னு அவங்கம்மா செல்வி அக்கா என்கிட்டயே ரெண்டு தடவை சொல்லிட்டாங்க.

நினைவு நாள் அன்னிக்குச் சொந்தக்காரங்களுக்குப் போடுற பிரியாணிக்கு ஆகுற பணத்தை ஆராய்ச்சிக்குக் குடுக்கறதா ஏழுமலை அண்ணன் சொன்னாரு. ஆனா பொண்ணு பேரை எதுலயாவது எழுதணுமாம். "அம்மன் கோயிலுக்கு ஃபேன் குடுத்தேன் சார். மூணு றெக்கையிலயும் எங்கப்பா பேரு. சுத்துறப்ப தெரியாது, கரண்ட்டு போனா நல்லா படிக்கலாம்" அப்படின்னாரு. லேப்ல ஃபேன் இல்ல, ஏசிதான், நன்றி லெட்டர் மட்டும் வரும்னு சொன்னேன். அதுக்குக் கேட்டாரு: "அந்த டாக்டருங்க வெள்ளைக் கோட்டு முதுகுல கொஞ்சம் எடம் காலியா கீதே, அதுல எழுதிக்கலாமா?"

மாமாவோட கவலை

செல்வி அக்காவோட தம்பி கோபால்னு ஒருத்தர். பிரியாணி இல்லன்னதும் துண்டை உதறிகிட்டு எழுந்துட்டாரு. "சொந்தக்காரன் வந்தா ஆராய்ச்சியையா துன்னுட்டுப் போவான்?"னு என்னைப் பார்த்துக் கேட்டாரு. நான் நைட் ஸ்கூல்ல படிச்சவன், அங்க இதெல்லாம் சொல்லித் தரல.

செல்வி அக்கா ஒரு முடிவு சொன்னாங்க. ஆஸ்பத்திரியில இருந்த அத்தனை மாசமும் வெளிச் சாப்பாடு கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டதால, ரேவதி பானிபூரி பானிபூரின்னு கேட்டுகிட்டே இருந்துச்சாம். அதனால படையல் பானிபூரிதான், மொளகாப்பொடி போட்ட மாங்காதான். பானிபூரி வண்டியையே வாசலுக்குக் கூப்பிட்டுடலாம், வர்றவங்களுக்கும் அதுதான். எல்லாரும் தலையாட்டினாங்க. கோபால் மட்டும் செருப்பு மாட்டிகிட்டே சொன்னாரு: "பானிபூரி துன்னு எவனுக்காவது ஏப்பம் வருமாக்கா? ஏப்பம் வரலன்னா வந்து சாப்பிட்டேன்னு எவன் ஒத்துக்குவான்?"

பெட்டிக்கு முன்னாடி

நினைவு நாள் அன்னிக்குக் காலையில ரேவதி படத்துக்குப் பக்கத்துல எங்க டிரஸ்ட் வசூல் பெட்டியை வச்சேன். அதுக்கும் யாரோ மஞ்சள் குங்குமம் வச்சிட்டாங்க. அப்புறம் என்ன, வந்தவங்க எல்லாம் காசு போட்டுட்டு கன்னத்துல போட்டுக்க ஆரம்பிச்சிட்டாங்க. ஒரு பெரியவர் விபூதிக்குக் கையை நீட்டுனாரு. நான் ரசீதை நீட்டுனேன். அதை நெத்தி வரைக்கும் கொண்டுபோய்ட்டு மடிச்சு வச்சிகிட்டாரு.

தினேஷோட பெரியம்மா பெட்டி முன்னாடி கண்ணை மூடி நின்னு, ரெண்டாவது பேத்தி கல்யாணத்தைப் பத்தி விலாவாரியா வேண்டிகிட்டாங்க. இது உண்டியல் இல்லம்மா, மஜ்ஜை ஆராய்ச்சிக்கு வசூல்னு மெதுவா சொன்னேன். அந்தம்மாவுக்குக் கோவம் வந்துடுச்சு. "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? முழுசா வேண்டி முடிச்சப்புறம் சொல்றியே!"

லாரியில

எல்லாரும் வந்தாச்சு, தினேஷ் மட்டும் வரல. தெருமுனையில லாரியில உக்காந்திருந்தான். செல்வி அக்கா மாலையைக் கையில வச்சிகிட்டு வாசலையே பார்த்துகிட்டு நின்னாங்க. யாரும் அவனைக் கூப்பிடப் போகல, நான் போனேன். பக்கத்து சீட்டுல ஏறி உக்காந்தேன்.

அவனே பேச ஆரம்பிச்சான். "என் மஜ்ஜைதான் சார் கெட்டது. பீரு குடிப்பியான்னு டாக்டர் கேட்டாரு, எப்பவாச்சும்னு சொன்னேன். சனிக்கிழமை தவறாம குடிச்சிகினு இருந்தேன். அந்தப் பொய்தான் அவளை முடிச்சிடுச்சு."

"தினேஷு, உன் பீருதான் காரணம்னா லேப்ல அத்தனை பேரு உக்காந்து தலையைப் பிச்சிக்க வேண்டியதில்லப்பா. ஒருத்தருக்கு ஏன் நிலைக்குது, இன்னொருத்தருக்கு நோய் ஏன் திரும்புதுன்னு அவங்களுக்கே முழுசா புரியல. புரிஞ்சிருந்தா நான் ஏன் பெட்டியைத் தூக்கிகிட்டு அலையறேன்?"

"நெசமாவே டாக்டருங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"எழுதித் தருவீங்களா?"

ரசீது புக்குல ஒரு தாளைக் கிழிச்சு, பின்பக்கம் எழுதினேன்: ரேவதிக்கு நோய் ஏன் திரும்பிச்சுன்னு யாருக்கும் தெரியாது. தெரிஞ்சிக்கத்தான் வசூல். கையெழுத்தும் போட்டேன். ரெண்டு தடவை படிச்சான். மடிச்சு சட்டைப் பையில வச்சிகிட்டு இறங்கி, லாரிக் குழாயிலயே காலைக் கழுவிகிட்டு நேரா உள்ள போனான். செல்வி அக்கா கையிலேருந்து மாலையை வாங்கிப் போட்டான். கொஞ்ச நேரம் அங்கயே நின்னான். அப்புறம் வாசலுக்கு வந்து, வரிசையில நின்ன கோபால் மாமாவைத் தாண்டி ஒரு பானிபூரியை வாங்கி வாயில போட்டுகிட்டு வண்டிக்காரர்கிட்ட சொன்னான்: "பையா, காரம் பத்தல. அவளா இருந்தா தட்டைத் திருப்பிக் குடுத்திருப்பா."

அந்த ஒரு தாள் ஏன் குறையுதுன்னு எங்க ஆபீஸ்ல இன்னமும் கேட்டுகிட்டு இருக்காங்க. தெரியலன்னு சொன்னா ஆராய்ச்சிக்காரங்களுக்கு நிதி கிடைக்குது, நமக்கு மெமோதான் கிடைக்குது.