சாவிக்காரரின் ஆடு

அந்த ஏழு மாடிக் கட்டடத்தில் குடியிருந்த யாருக்கும் அவருடைய பெயர் தெரியாது. இடுப்பு வாரில் எப்போதும் ஒரு பெரிய சாவிக்கொத்து தொங்கும். அதனால் பெரியவர்களுக்குச் சாவிக்காரர், குழந்தைகளுக்குச் சாவி மாமா. கட்டடம் எழும்பியபோது செங்கல் சுமக்க வந்தவர். கட்டி முடித்ததும் மற்றவர்கள் அடுத்த வேலை தேடிப் போனார்கள். இவர் மட்டும் தரைத்தளத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறையில், மனைவி மக்களோடு காவலாளாகத் தங்கிவிட்டார். எந்த வீட்டுக் குழாய் ஒழுகும், எந்த வீட்டுப் பூட்டு மழையில் இறுகும், எந்த வீட்டில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதில்லை, எல்லாம் அவருக்கு அத்துப்படி. முதல் இரண்டை மட்டும் வெளியே சொல்வார்.

படி ஏறி இறங்கியே முழங்கால்கள் தேய்ந்தன. இரண்டிலும் எலாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு நடந்தார். மகள் லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கட்டடத்து லிஃப்டும் அவள் பொறுப்பில்தான் இருந்தது. அவரோ ஒரு நாளும் அதில் கால் வைத்ததில்லை.

"உன்னை நம்புறேன். கம்பியைத்தான் நம்பல."

"எல்லாக் கம்பியும் அறுந்தாக்கூட பிரேக் பிடிக்கும் வாப்பா."

"பிடிக்கட்டும். நான் படியில வரேன்."

ஒவ்வொரு வருஷமும் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு ஒரு கிடா வாங்கிவந்து சைக்கிள் கொட்டகையில் கட்டுவார். ஆடு அறுத்துக் குர்பானி கொடுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கும். கறிக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

"முந்தின நாள் வாங்குங்க பாய். தீனிச் செலவும் இல்ல, அழுகையும் இல்ல."

"முகம் தெரியாததைக் கொடுத்தா அது என்ன கொடுக்கிறது?"

இவ்வளவு சொல்கிறவர், கட்டிய கிடா எதற்கு என்று மட்டும் சொல்லமாட்டார். "பெருநாளுக்கா மாமா?" என்று படியில் கேட்பவர்களுக்கும் சரி, வீட்டில் கேட்பவர்களுக்கும் சரி, ஒரே பதில்தான்: "பார்க்கலாம்." இது குர்பானிக்கு என்று ஒரு தடவை வாயால் சொல்லிவிட்டால் அது இறைவனுக்கு உரியது, பிறகு திருப்பி எடுக்க முடியாது. பெருநாள் காலையில் கொட்டகைக்குப் போய், அதன் கழுத்தில் கை வைத்து, அப்போதுதான் சொல்வார். அதுவரை அதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். எந்தக் கிடாவும் அந்தக் கதவு வழியாகப் போனதில்லை என்பது வேறு விஷயம்.

அறுக்கும்போது அதன் கண்ணை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பவரும் அவர்தான். பங்கு பிரித்துக் கொடுத்து முடித்து வந்து, அன்று மட்டும் கறியைத் தொடமாட்டார். வயிறு சரியில்லை என்பார்.

"வருஷத்துல ஒரு நாள் மட்டும் கெட்டுப்போற வயிறு உலகத்துலயே இவருக்குத்தான்" என்பாள் அவர் மனைவி, பிள்ளைகளின் உம்மா.

இந்த வருஷத்துக் கிடா பழுப்பு நிறம். பின்னால் வளைந்த கொம்பு. அவர் நடக்கும்போது சாவிக்கொத்து ஓர் அடிக்கு மெல்ல, மறு அடிக்குப் பலமாகக் குலுங்கும். அந்த நொண்டிச் சத்தம் படியில் கேட்டால் போதும், கிடா எழுந்து நிற்கும்.

பெருநாளுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஐந்தாம் மாடிப் படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. லிஃப்டில்தான் கீழே கொண்டுவந்தார்கள். மகள் பராமரித்த லிஃப்டில் அவர் ஏறியது அந்த ஒரு தடவைதான். அப்போது அவருக்கு நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பகல் கண் திறந்தார். பக்கத்தில் மகள் மட்டும் இருந்தாள்.

"அதுக்குத் தண்ணி வச்சியா?"

"வச்சாச்சு வாப்பா. பெருநாளுக்குள்ள வீட்டுக்கு வந்துரலாம். அது காத்துட்டு இருக்கு."

அவர் சுவரைப் பார்த்தார். "பார்க்கலாம்" என்றார்.

மறுநாள் இறந்துபோனார். இடுப்பு வாரையும் சாவிக்கொத்தையும் ஒரு பையில் போட்டு மகள் கையில் கொடுத்தார்கள்.

உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது உம்மா மகனிடம் முழங்கால் உறைகளைக் கொடுத்தனுப்பினாள். அவன் அவற்றோடு திரும்பி வந்தான்.

"அடக்கத்துல தைச்சது எதுவும் போடக் கூடாதாம்மா."

"அது தைச்சது இல்லடா. எலாஸ்டிக். போய்ச் சொல்லு."

அவன் போகவில்லை. அவள் உறைகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். 

கணவனை இழந்தவள் இத்தா இருக்கும் மாதங்களில் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. அந்த ஒற்றை அறையில் திரைக்குப் பின்னால் உம்மா இருந்தாள். உறைகளைத் துவைத்துக் கொடியில் போட்டாள். காய்ந்ததும் மடித்தாள். மறுநாள் மறுபடியும் துவைத்தாள்.

பிறகு ஒரு நாள் இமாமை அழைத்துவரச் சொன்னாள். அவர் வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவள் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"குர்பானி கொடுத்த ஆடு மறுமையில வாகனமா வரும்னு சொல்வாங்களே ஹஜ்ரத். சொர்க்கத்துக்குப் போற அந்தப் பாலம் முடியைவிட மெல்லிசாமே. இவர் நடந்தா போவார்?"

"ஜனங்க சொல்றதுதாம்மா. உறுதியான ஆதாரம் இருக்கிறதா எனக்குத் தெரியல. அவர் தன்னோட நல்ல அமலை, செஞ்ச நன்மையை நம்பிப் போயிருக்கார்."

"அமல் இருக்கு ஹஜ்ரத். முழங்கால் இல்லையே."

இமாம் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவி மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு மகளைப் பார்த்தார்.

"அந்தக் கிடாவை வாங்கினவர் அவர். 'இது குர்பானிக்கு'ன்னு வாயால சொல்லியிருந்தா, என் அறிவுக்கு எட்டினவரை, கொடுத்தே ஆகணும். சொல்லலைன்னா அது உங்க மூணு பேர் சொத்து. மூணு பேரும் மனசார சம்மதிச்சா அவர் பேருல கொடுக்கலாம். ஒருத்தர் மனசு கோணினாலும் வேண்டாம். கடைசியா அவர் கூட இருந்தது நீதானேம்மா. சொன்னாரா?"

திரை அசைந்தது. ஆமாம் என்ற ஒரு சொல்லுக்காக அந்தப் பக்கத்தில் ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது மகளுக்குத் தெரிந்தது. ஆமாம் என்றால் முடிவு மகள் கையைவிட்டுப் போய்விடும். யாரும் அவளை எதுவும் கேட்கமாட்டார்கள்.

"சொல்லல" என்றாள். "பார்க்கலாம்னார்."

"எனக்குச் சம்மதம்" என்றான் தம்பி. உம்மாவின் சம்மதத்தைக் கேட்கவே வேண்டியதில்லை. மூன்று பேரும் மகளுக்காகக் காத்திருந்தார்கள். அவள் கொட்டகைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "பெருநாள் வரைக்கும் நேரமிருக்கும்மா" என்று இமாம் எழுந்துகொண்டார்.

தம்பி அவளைக் கொட்டகையில் பிடித்துக்கொண்டான். செருப்புக் கடையில் வேலை. பகல் முழுக்க அடுத்தவர் காலடியில் குனிந்திருந்துவிட்டு வருகிறவன், வீட்டில் நிமிர்ந்துதான் பேசுவான்.

"கறின்னா முதல் தட்டு நீட்டறது நீ. இப்ப என்னக்கா திடீர்னு ஆட்டு மேல பாசம்?"

"அதுல தப்புன்னு நான் சொல்லலடா. இது வேற."

"எது வேற? நாலு காலு, ஒரு வாலு."

அந்த நேரம் மேல்மாடியில் யாரோ வீட்டைப் பூட்டினார்கள். சாவி குலுங்கியது. படுத்திருந்த கிடா காதை விறைத்துப் பாதி எழுந்தது. படியைப் பார்த்தது. சத்தம் சரியில்லை என்று கண்டு மறுபடி படுத்துவிட்டது.

"பார்த்தியா?" என்றாள். "வாப்பா வருவார்னு இருக்கிறது உலகத்துல இது ஒண்ணுதான். அவர் போயிட்டார்னு இதுக்கு யாரும் இன்னும் சொல்லல. இதையும் அறுத்துட்டா..."

தம்பி ஒரு சைக்கிளில் சாய்ந்துகொண்டான். "லிஃப்டுலயே ஏறாத மனுஷன் ஆட்டு மேல ஏறிப் போவார்னு உம்மா நம்புறா. செத்த மனுஷன் திரும்பி வருவார்னு ஆடு நம்புது. நீ ஆட்டை நம்பற. நல்ல குடும்பம்" என்றான். சொல்லிவிட்டு சைக்கிள் சீட்டில் முகத்தை வைத்து அழுதான்.

தன் சம்பளத்தில் வேறொரு கிடா வாங்கித் தருவதாக மகள் உம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். இதைவிடப் பெரியதாக.

"அவரைத் தெரியாத ஆடு அங்க அவரை எப்படிக் கண்டுபிடிக்கும்?" என்றாள் உம்மா. கிண்டலில்லை. உண்மையாகவே கேட்டாள்.

 வேலையில் மகள் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து கம்பியின் தடிமனை அளந்துகொண்டிருப்பாள். அளந்த எண் அடுத்த நொடியே மறந்துபோகும். மறுபடி அளப்பாள். அவள் வேலை செய்யும் இயந்திரத்தில் எதற்கும் ஓர் எல்லை உண்டு. வேகம் மீறினால் பிரேக் தாடைகள் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும், பெட்டி அந்தரத்தில் நிற்கும். சம்மதம் என்று ஒரு சொல் வாயிலிருந்து விழுந்தால் அதைக் கவ்விப் பிடிக்க ஒன்றும் இல்லை. ஒரு பகல், கிடா தானாகச் செத்துப்போனால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். நினைத்த வேகத்தில் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள், அதற்குத் தண்ணீர் மாற்றி வைக்க.

அந்த ஓட்டத்தில்தான் அதைப் பார்த்தாள். அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே உம்மா நடந்துகொண்டிருந்தாள். சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, அவருடைய உறைகளை மாட்டியிருந்தாள். அவை அவள் காலுக்குப் பெரியவை. நழுவி நழுவிக் கணுக்காலுக்கு வந்தன. குனிந்து ஏற்றிவிட்டுக்கொண்டு, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கும், அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கும் நடந்தாள். வியர்வையில் முதுகு நனைந்திருந்தது.

"உம்மா, என்ன பண்றீங்க?"

அவள் நிற்கவில்லை. "தினமும் கொஞ்சம் நடக்கறேன். அவருக்குக் கொஞ்ச தூரமாவது குறையுமான்னு."

மகள் கொட்டகைக்குப் போனாள். கிடாவின் கழுத்தில் கை வைத்தாள். தோலுக்கடியில் நாடி ஓடியது. அவள் அழவில்லை. அளவுக்கருவியில் தெரிந்த எண்ணைப் படிப்பதுபோலச் சொன்னாள்.

"இது எங்க வாப்பா பேருல, குர்பானிக்கு."

கிடா மென்றுகொண்டிருந்த தழையை நிறுத்தாமல் மென்றது.

பெருநாள் தொழுகை முடிந்து கறிக்கடைக்காரர் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். தண்ணீர்த் தொட்டியை ஒட்டித் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். கட்டை அவிழ்த்ததும் கிடா கொட்டகையின் கடைசி மூலைக்குப் போய் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. தம்பி தழை காட்டினான். வரவில்லை. கயிற்றை இழுத்தான். கழுத்து மட்டும் நீண்டது.

"இழுக்காதப்பா, பாவம்" என்றார் கறிக்கடைக்காரர். "உங்க வாப்பா இருந்தா இந்நேரம் அது ஓடி வந்திருக்கும். அவர் எந்த ஆட்டையும் இழுத்து நான் பார்த்ததில்ல."

தம்பி கயிற்றைக் கீழே போட்டான். மகள் உள்ளே போய் அலமாரியிலிருந்து அந்தப் பையை எடுத்துவந்தாள். சாவிக்கொத்தை வெளியே எடுத்துக் குலுக்கினாள். கிடாவின் காது மட்டும் நிமிர்ந்தது.

"அக்கா, வேண்டாம்க்கா" என்றான் தம்பி.

அவள் வாரை இடுப்பில் கட்டினாள். அது அவளைச் சுற்றி ஒன்றரைச் சுற்று வந்தது. கொத்தை மாட்டிக்கொண்டு படிக்கட்டின் முதல் திருப்பம்வரை ஏறினாள். அங்கிருந்து ஒரு காலைச் சாய்த்து இழுத்து, ஓர் அடி மெல்ல, மறு அடி பலமாக, இறங்கி வந்தாள்.

கடைசிப் படிக்கு வருவதற்குள் கிடா எதிரே வந்துவிட்டது. கயிறு தரையில் தேய, ஓட்டமாக வந்தது. அவளிடம் வந்ததும் நின்றது. இடுப்புச் சாவியை மோந்தது. அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு கழுத்தை நீட்டி, அவளுக்குப் பின்னால், காலியான படிக்கட்டைப் பார்த்தது.

படியைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தது. அவள் உள்ளங்கையால் அதன் கண்ணைப் பொத்தினாள். இமைமுடி கையில் குறுகுறுத்தது. கழுவிய தரைக்கு அதை நடத்திக்கொண்டு போனாள். அது சண்டை போடவில்லை. கறிக்கடைக்காரர் இறைவன் பெயரைச் சொல்லும்வரைக்கும், அதற்குப் பிறகும், எல்லாம் அடங்கும்வரைக்கும், அவள் கையை எடுக்கவில்லை. உள்ளங்கைக்குக் கீழே குறுகுறுப்பு நின்றது.

கை கழுவிவிட்டு அறைக்குள் போனாள். உம்மா திரைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உறைகளைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"ஆச்சா?"

"ஆச்சும்மா."

"ஏறியிருப்பாரா?"

மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.   "ஏறியிருப்பார்" என்றாள்.

"பயந்திருப்பார்" என்றாள் உம்மா. "லிஃப்டுக்கே பயந்தவரு. பிடிச்சுக்க ஏதாவது வேணுமே." திடீரென்று மகளின் கையைப் பற்றினாள். "அதுக்குக் கொம்பு இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சும்மா. நல்ல கொம்பு."

"அப்ப சரி" என்றாள். சுவரில் சாய்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள்.

மகள் எழுந்தாள். வார் இன்னும் இடுப்பில் இருந்தது. வெளியே கொட்டகையைக் கழுவ வேண்டும், தண்ணீர்ப் பாத்திரத்தைக் கவிழ்க்க வேண்டும். சாவிகள் ஒன்றோடொன்று மோதாதபடி கொத்து முழுவதையும் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் சத்தமில்லாமல் வாசலைத் தாண்டினாள்.