செண்பகம் அக்கா மெலிந்த கதை

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்தில் கணினியைத் திறக்கும்போது ஃபாத்திமாவிடமிருந்து அழைப்பு வந்தது. தென்காசியில் பிலாட்டிஸ் என்னும் உடற்பயிற்சி வகுப்பு நடத்தும் பிசியோதெரபிஸ்ட் அவர். "செண்பகம் அக்கா போயிட்டாங்க" என்றார்.

செண்பகம் அக்கா என் பக்கத்து மேசைக்காரர். அவரைப் போல் வாய்விட்டுச் சிரிப்பவர் எங்கள் அலுவலகத்தில் வேறு யாருமில்லை. கணவர் துபாயில். ஒருநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் அழைத்த அவர், நாங்கள் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தே, "ஏட்டி, போனைத் தள்ளிப் பிடி. திரையில ஆளு அடங்க மாட்டேங்குது" என்று சிரித்தார். அக்காவும் சிரித்தார். பிறகு மீதிச் சோற்றை மூடி வைத்துவிட்டார்.

அந்த வாரமே அக்காவின் உடம்பைக் குறைக்க வகுப்புத் தேடி இருவரும் புறப்பட்டோம். திருநெல்வேலியில், ஸ்பிரிங் பூட்டிய கட்டிலில் படுத்துச் செய்யும் பிலாட்டிஸ் இருந்தது. "தறி மாதிரில்லா இருக்கு, என்னையும் சேலையா நெய்திருவாங்க" என்று வெளியே வந்துவிட்டார். ஃபாத்திமாவின் வகுப்புக்கு ஒரு பாய் போதும். மூச்சைக் கவனித்து, மெதுவாகக் கால் தூக்க வேண்டும். குற்றாலம் சாலையில் புதிதாக வந்திருந்த 'பார்' என்னும் நடன உடற்பயிற்சி வகுப்பில் சுவரெல்லாம் கண்ணாடி. மரக்கம்பைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி, நடனக்காரர்களைப் போலப் பாட்டுக்கு மடங்கி நிமிர வேண்டும். கண்ணாடிக்குப் பயந்து அக்கா ஃபாத்திமாவிடம் சேர்ந்தார்.

சில மாதங்களில் வளையல் முழங்கைக்கு ஏறியது. ஃபாத்திமா ஒருநாள் பாயைச் சுருட்டியபடி கேட்டார்: "சாப்பாடு எறங்குதாக்கா? நாம செய்யுத பயிற்சிக்கு இவ்வளவு மெலியாது. டாக்டரைப் பாருங்க."

வெளியே வந்ததும் அக்கா கொதித்தார். "மெலிய வந்தவள மெலியாதேங்கா. பொறாமை பிடிச்சவ."

உடனே 'பார்' வகுப்புக்கு மாறினார். இப்போது கண்ணாடி பார்க்க அவருக்கு ஆசையாகவே இருந்தது. அங்கே பயிற்சியாளர் அவரை முன்னால் நிறுத்தி எல்லோரையும் கைதட்டச் சொன்னார். கணவரோ, "இப்பதாம்ட்டி பொம்பள மாதிரி இருக்கே. சாரல் சீசனுக்கு வாரேன்" என்றார்.

வந்தார். ஐந்தருவியில் குளித்து ஏறிய அக்கா, பஜ்ஜியை ஒரு வாய் கடித்ததும் இரத்தமாக வாந்தியெடுத்தார். வயிற்றில் புற்றுநோய், முற்றிவிட்டது என்றார்கள் மருத்துவமனையில்.

கடைசியாகப் பார்க்கப் போனபோது அக்கா சிரிக்கவில்லை. "அத்தன பேரு கைதட்டுனாளுவளே, ஒருத்திக்குக்கூடவா நான் செத்துக்கிட்டு இருக்கது தெரியல?" என்று கேட்டார். பிறகு, "ஃபாத்திமாவ வரச் சொல்லு" என்றார். ஃபாத்திமா வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

துக்க வீட்டில், அக்காவின் கை கால்கள் குச்சியாகி, நீர் கோத்த வயிறு மட்டும் மேடாகத் தெரிந்தது. கணவர் வருகிற மாலைகளையெல்லாம் வாங்கி அந்த மேட்டின்மேல் அடுக்கிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் மறைச்சா நல்லாருக்கும்லா" என்றார் என்னிடம். நான் ஒரு மாலையை எடுத்துக் கால்மாட்டில் வைத்தேன். அவர் அதைத் திரும்ப எடுத்து வயிற்றின்மேலேயே போட்டார்.

போய் வாருங்கள், அக்கா. உங்களை உள்ளபடியே பார்த்துத்தான் நாங்கள் அழுதோம்.