துண்டுக்குள் ஒரு கை

நீலக் கரை போட்ட துண்டு அது. வேர்வையும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையின் தூசியும் ஏறிக் கனத்திருக்கும். என் இருபதாவது வயதில், ஓர் ஆண்டு முழுக்க, இன்னொரு மனிதர் என் கையைத் தொட்டது அதனடியில் மட்டுந்தான்.

பி.ஏ.யில் பொருளாதாரக் கோட்பாட்டுத் தாளில் தவறினேன். விழுப்புரத்திலிருந்து அப்பா, ‘பாஸ் செய்துவிட்டு வீட்டுக்கு வரவும்’ என்று ஒரே வரியில் கார்டு போட்டார். ஆகவே திண்டிவனத்தில், ஒரு மல்லாட்டை மண்டியின் மாடியறையில் குடியேறி, நாளெல்லாம் தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வரைந்தேன். அவையாவது ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டன.

கீழே மண்டித் தரகர், துண்டைப் போட்டு மூடி, விற்பவரின் விரல்களைப் பிடித்து விலை பேசுவார். அது அந்த இரண்டு கைகளுக்குத்தான் தெரியும். கூட்டம் சற்று ஓய்ந்தால் என்னைக் கூப்பிடுவார்.

“இன்னா பி.ஏ., கையக் குடு. வல்லத்துக்காரருக்கு இன்னா வெல முடிச்சேன், சொல்லு பாக்கலாம்.”

தப்பாகவே சொல்வேன். “இதுக்கா இத்தினி வருசம் படிச்சிக்கினு இருந்தே?” என்று சிரித்து, என் விரல்களை மடக்கிச் சரியான விலையைக் காட்டுவார். “உனக்குச் சொன்னா பயமில்ல. நீதான் யார்கிட்டயும் பேசறதில்லியே.”

ஒருநாள் நிறைவுப் போட்டிச் சந்தை பற்றிய அத்தியாயத்தை முடித்துவிட்டுக் கீழே வந்து, வல்லத்துக்காரரின் விலையைத் துண்டுக்குள் தெரிந்துகொண்டேன். விலை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்றது புத்தகம். திருவெண்ணெய்நல்லூரிலிருந்து மூட்டையோடு வந்தவர், “வல்லத்துக்காரருக்கு இன்னா வெலைங்க?” என்று கேட்டார். என்னிடம் ஒருவர் கேள்வி கேட்டு எத்தனை மாதமாயிற்று! சொல்லிவிட்டேன்.

“அவருக்கு ஒரு வெல, எங்களுக்கு ஒரு வெலயா?” மண்டியே கத்தியது. வேறு வழியில்லாமல் தரகர் வாயைத் திறந்தார். வல்லத்துக்காரரின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். தரகர் தம் தரகை விட்டுக்கொடுத்து விலையைக் கூட்டியிருந்தாராம்.

வல்லத்துக்காரர் அங்கேயேதான் நின்றிருந்தார். முடிந்துபோன பேரத்தை முறித்து, மூட்டைகளைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பிறகு அந்த மண்டிக்கு அவர் வரவேயில்லை.

தரகர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். “மேல போயிப் படிங்க, தம்பி” என்றார். பி.ஏ. போய்த் தம்பி வந்துவிட்டது, மரியாதையும் சேர்ந்தே. அதன்பின் என்னைக் கண்டால் துண்டு அவர் தோளை விட்டு இறங்கியதில்லை.

பரீட்சையில் அதே கேள்வி வந்தது. விலை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று கூசாமல் எழுதினேன். பாஸ். அப்பா கதவைத் திறந்தார்.

போன மாதம் திண்டிவனம் போனேன். இப்போது விலையைக் கரும்பலகையில் எழுதி வைக்கிறார்கள், எவரும் படிக்கலாம். நானும் நின்று படித்தேன். இம்முறை தப்பே இல்லை. திருத்துவதற்கென்று யாரும் கையைப் பிடிக்கவில்லை.