மீசைக்குத் தெரியாத சூடு

அவருக்குப் பளபளா என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கிறது, அதை அவரே எப்போதாவதுதான் நினைத்துக்கொள்வார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடையை விட்டு வெளியே போகிற சாமானில் முகம் பார்த்துத் தலை சீவ முடியவேண்டும், அதுதான் அவர் கொள்கை. வீட்டில் அலுமினியச் சட்டியைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டை போட்ட ஆள். மாமனார் கழற்றி வைத்த பல்செட்டை ஒருநாள் தேய்த்துக் கொடுத்தார். கிழவர் ரெண்டு நாள் வாயை மூடவில்லை, எல்லோரிடமும் இளித்துக்கொண்டே திரிந்தார்.

சூடு பார்க்க அவர் மீட்டர் வைத்துக்கொள்வதில்லை. சாமானுக்கு ஒரு விரற்கடை தள்ளி, பக்கவாட்டில் மீசையைக் கொண்டுபோவார். மீசை முறுகினால் சூடு, சும்மா இருந்தால் குளிர்ச்சி. இருபது வருஷமாக மீசை பொய் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவரிடம் பஸ் நிலையத்து ஒலிபெருக்கிப் பெட்டி வந்து சேர்ந்தது. ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது, பத்து நிமிஷ வேலை. ஆனால் பெட்டியின் முதுகில் சீப்பு மாதிரிப் பல் பல்லாக ஓர் அலுமினியக் கட்டை, கன்னங்கரேலென்று. ஹீட் சிங்க் என்பார்கள். உள்ளே டிரான்சிஸ்டர் கொதிக்கிற சூட்டை வாங்கி வெளியே தள்ளுவது அதன் வேலை.

"எவனோ கரியைப் பூசி வெச்சிருக்கான்" என்று உப்புத்தாளை எடுத்தார். அரை நாளில் கட்டை வெள்ளியாகிவிட்டது. நம்பர் பொறித்த இடம் மட்டும், தீப்பெட்டி அளவுக்கு, அழிந்துபோகுமே என்று விட்டுவைத்தார்.

பஸ் நிலையத்தில் மைக்கில் பேசுவது அவர் மச்சினி, மனைவியின் தங்கை. பெட்டி மாட்டிய மறுநாள் அவள், "ஐந்தாம் நம்பர் பேருந்து கழுவுவதற்குச் செல்கிறது. பயணிகள் அதில் ஏற" என்றாள். பெட்டி அணைந்துவிட்டது. நாற்பது பேர் ஏறினார்கள். ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது. நாற்பது பேரும் குளித்துவிட்டு வந்தார்கள்.

தினமும் இதே கூத்து. முக்கால் மணி ஓடும், நிற்கும், ஆறினால் மறுபடி பேசும். நாலாம் நாள் காலையில் நிலைய மேலாளர் கடைக்கே வந்துவிட்டார். குளித்த நாற்பது பேரில் அவரும் ஒருவர்.

"இன்னிக்கே சரி பண்ணுங்க. பண்ணப்புறம் அஞ்சு மணி வரைக்கும் பெட்டி நிக்காமப் பேசணும். நின்னுச்சுன்னா இனிமே நிலையத்து வேலை மொத்தமும் வேற ஆளுக்கு."

பளபளாவுக்கு நிலையாக இருந்தது அந்த ஒரு வேலைதான். மற்றதெல்லாம் வந்தால் வரும்.

மத்தியானம் மைக் அறைக்குப் போனார். டிரான்சிஸ்டர் நன்றாக இருந்தது. அதற்கும் கட்டைக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசிய வெள்ளைப் பசை வெங்காயத் தோல் கனம், அதுவும் சரி. பற்கள் செங்குத்தாக நின்றன, காற்று கீழே நுழைந்து மேலே போகத் தடையில்லை. அரைமணி ஓடவிட்டு மீசையைக் கிட்டே கொண்டுபோனார்.

"சூடே இல்லம்மா. ஐஸ் மாதிரி இருக்கு. கோளாறு நீ பேசறதுலதான்."

"நான் பேசி சூடாகும்னா அக்கா வீடு எப்பவோ எரிஞ்சிருக்கும். தொட்டுப் பாருங்க மாமா."

"மீசை சொன்னா சொன்னதுதான்."

"மீசையா நாளைக்கு மேலாளருக்குப் பதில் சொல்லப்போவுது? தொடுங்க."

தொட்டார். விரலை வாயில் வைத்துக்கொண்டு அறையை மூன்று சுற்றுச் சுற்றினார்.

விரலைவிட மானம் அதிகமாக எரிந்தது. மீசையைக் கட்டையின் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனார். வெள்ளிமேல் சும்மா இருந்த மீசை, நம்பர் பொறித்த கறுப்புக்கு எதிரே வந்ததும் முறுகியது. திரும்ப வெள்ளிக்கு வந்தார், ஒன்றுமில்லை. ஒரே கட்டை, ஒரே சூடு.

"சூட்டைக் கொண்டுபோறது காத்து மட்டும் இல்ல" என்றார் மெதுவாக. "வெயில் வீசற மாதிரி கட்டையும் தானா வீசுது. மொட்டை உலோகம் பளபளன்னு இருந்தா வீசாது போல. உள்ளயே புடிச்சு வெச்சுக்குது."

"அப்ப நீங்க தேச்சது தப்பு."

"தப்புன்னு யாரு சொன்னா. கொஞ்சம் அதிகம்."

மணி ரெண்டரை. பெயின்ட் கடை பூட்டிக் கிடந்தது. மச்சினி தன் கைப்பையைக் கவிழ்த்தாள். நகப்பூச்சு, ஏழு குப்பி, ஏழு நிறம்.

"கறுப்பு இல்லையே."

"சூட்டுக்குக் கண்ணா இருக்கு, நெறம் பாக்க?"

ரோஸ் நிறத்தில் ஒரு தீற்று இழுத்து, காய்ந்ததும் மீசையைக் கிட்டே கொண்டுபோனார். முறுகியது. பெட்டியை அணைத்து, ஆறவிட்டு, ரெண்டு பேரும் குனிந்து உட்கார்ந்தார்கள். பாதியிலேயே குப்பிகள் வற்றத் தொடங்கின.

"வெளிப்பக்கமும் பல்லு நுனியும் போதும்மா. பல்லுக்குப் பல்லு எதிரெதிரா வீசிக்கறது குடும்பச் சண்டை. வெளிய வராது."

மூன்றேகாலுக்குப் பெட்டியைப் போட்டார்கள். நான்கு மணிக்கு, வழக்கமாக நிற்கிற நேரத்தில், மேலாளர் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். மச்சினி மைக்கைப் பிடித்தாள்.

"ஐந்தாம் நம்பர் பேருந்து கழுவுவதற்குச் செல்கிறது. பயணிகள் அதில் ஏற..."

நிறுத்தினாள். தண்ணீர்க் குவளையை எடுத்தாள், நிதானமாக ஒரு வாய் குடித்தாள். பளபளா மீசையைப் பிடித்துக்கொண்டார். வெளியே நாற்பது கால்கள் படியில் நின்றன.

"வேண்டாம்" என்றாள்.

ஐந்து மணி வரை பெட்டி நிற்கவில்லை. மேலாளர் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். ரோஸும் ஊதாவும் சிவப்புமாகக் கட்டை மினுமினுத்தது.

"பளபளன்னு இருந்தா ஆகாதுன்னீங்களாமே. இது மட்டும் என்னவாம்?"

"இது பூச்சு சார். மேல மினுக்கினாலும் சூட்டை விட்டுடும். மொட்டை உலோகம் மினுக்கினாத்தான் வம்பு."

"சரி, அடுத்த மாசம் டிக்கெட் ஜன்னல் மைக்கையும் நீங்களே பாத்துடுங்க."

மேலாளர் போனதும் பளபளா குனிந்து கட்டையைப் பார்த்தார். ஓர் ஓரத்தில் பூச்சு திப்பியாகக் கட்டியிருந்தது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. உப்புத்தாளைக் காணோம். மச்சினி அதை மடித்து, மைக்குக்கு அடியில் வைத்து, அதன்மேல் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள்.