மண்டைக்காட்டுக்குப் போக வேண்டிய கார்

சாவியைத் திருப்பியதும் 'கிர்ர், கிர்ர்' என்று இழுத்து இழுத்துச் சுற்றும். இதோ பிடித்துவிட்டது என்று நாம் நிமிரும் நேரத்தில் கார்புரேட்டர் வாயிலிருந்து 'டப்' என்று ஒரு வெடி. அதோடு சரி. அந்த வருஷம் மாசியிலும் பங்குனியிலும் பூதப்பாண்டியில் அக்கா வீட்டு முற்றத்தில் கேட்ட சத்தம் அதுதான். தெருவில் போகிறவர்கள் முதலில் எட்டிப் பார்த்தார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் எங்காவது ஒரு வண்டி அப்படி முக்கினால் நடையை நிறுத்தித் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

கார் பழைய அம்பாசிடர். அத்தானின் அப்பா வாங்கியது. அக்கா கல்யாணமாகி வந்து இறங்கியதும் அதில்தான். மறு வருஷமே அத்தான் வளைகுடாவுக்குப் போய்விட்டார். பாலைவனத்தில் வீடு அளவுக்குப் பெரிய டீசல் ஜெனரேட்டர்களைக் கழற்றி மாட்டுகிற வேலை. எப்போதாவது லீவில் வருவார், பெட்டியைப் பிரிப்பார், சொந்தக்காரர்களைப் போய்ப் பார்ப்பார், மறுபடி பெட்டியைக் கட்டுவார். பிள்ளைகள் இல்லை. அக்கா தனியாகவே அந்த வீட்டில் நரைத்தாள். கார் கொட்டகையில் நின்று துருப்பிடித்தது. எங்கள் ஊர்ப்பக்கம் பாதி வீடுகளின் கதை இதுதான் என்பதால் யாரும் இதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. எனக்குத்தான் அத்தான்மேல் உள்ளுக்குள் ஒரு கடுப்பு இருந்தது.

அக்காவுக்குத் தலைவலி வந்தது. தைலமும் மாத்திரையுமாக அவள் நாளைக் கடத்தி, கடைசியில் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனபோது, படம் எடுத்துப் பார்த்த டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். சேதி கேட்டதும் அத்தான் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். தலை நோவென்றால் மண்டைக்காட்டு அம்மனுக்கு, தலை போல உருட்டி அவித்த மண்டையப்பம் நேர்ந்துகொள்வது எங்கள் வழக்கம். மாசிக் கொடைத் திருவிழாவுக்கு வந்து அப்பம் வைப்பதாக அக்கா நேர்ந்துகொண்டாள். உடனே அத்தான், "பஸ்சும் வேண்டாம், ஆட்டோவும் வேண்டாம். நீ வந்து எறங்குன வண்டியிலயே ஒன்னைக் கூட்டிட்டுப் போறேன் பாரு" என்றார். அவள் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். இத்தனை வருஷம் கொடுக்காமல் விட்டதையெல்லாம் அந்த ஒரு பயணத்தில் கொடுத்துத் தீர்த்துவிட வேண்டும் என்ற தவிப்பு அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

காரை முற்றத்துக்குத் தள்ளிவந்து என்ஜினைத் தன் கையாலேயே பிரித்தார். புது பிஸ்டன், புது ரிங், தேய்த்து உட்காரவைத்த வால்வுகள் என்று எல்லாம் சுத்தமாக முடித்துக் கொடைக்கு முன்பே மாட்டிவிட்டார். பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை. பெட்ரோல் வருகிறதா என்று குழாயைக் கழற்றிப் பார்த்தார், வந்தது. பிளக்கை வெளியே எடுத்து என்ஜின் இரும்பில் சாய்த்து வைத்துச் சுற்றச் சொன்னார், நீலமாகப் பொறி பறந்தது. பிளக் துளையைக் கட்டைவிரலால் அடைத்துப் பார்த்தார், உள்ளிருந்த அழுத்தம் விரலையே தள்ளியது. எதுவும் குறையில்லை. ஆனாலும் 'டப்'. அவருக்கு டீசலில் பழகிய கை. டீசல் வண்டி முரண்டு பிடித்தால் குழாயில் காற்று அடைத்திருக்கும் என்பதே அவருடைய முதல் எண்ணமும் கடைசி எண்ணமும். அதனால் பெட்ரோல் குழாயையும் பம்பையும் திரும்பத் திரும்பக் கழற்றினார். பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போகவே இல்லை. "சக்கரத்துக் குறி சேந்து மாட்டியாச்சுல்லா, அதுல பாக்கதுக்கு ஒண்ணும் இல்ல" என்பார். வடசேரியில் பழைய பெட்ரோல் வண்டி பார்க்கிற ஒருவர் இருக்கிறார், கூப்பிடவா என்று கேட்டேன். "மாப்ள, நான் ஒரு ஊருக்கே கரண்டு குடுத்தவன். இந்த இத்துப்போன வண்டிக்கு ஆளு வைக்கணுமா?" என்று முறைத்தார்.

கொடை முடிந்தது. சரி, அடுத்த வாரம் வருகிற எட்டாம் கொடைக்குப் போகலாம் என்றார். எட்டாம் கொடையன்று காலையில் எனக்குப் பொறுமை போய், வாடகைக் கார் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றேன். அத்தான் பானெட்டுக்குள்ளிருந்து தலையைத் தூக்கவில்லை. அக்கா கட்டிலில் படுத்தபடியே கையை ஆட்டி வேண்டாம் என்றாள். "அவியளுக்கு மனசு ஒடஞ்சிரும்லே. பங்குனிப் பரணிக்கொடை இருக்குல்லா, பாத்துக்கிடலாம்." டிரைவரைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்து அவளிடம் கத்தினேன். நேர்ச்சை யாருக்கு, இந்த மனுஷனின் வீம்புக்கா என்று கேட்டேன். உன் உடம்பு இருக்கிற இருப்பில் பரணிக்கொடையைப் பற்றிப் பேசுகிறாயே என்று சொல்ல வாய் வரை வந்து விழுங்கினேன்.

அவள் சிரித்தாள். "லேய், அந்தக் காருல ஏறினா எனக்கு அண்ணைக்கே கொமட்டும். பெட்ரோல் மணமே ஆவாது. கல்யாணத்தன்னைக்கு வாந்தி எடுத்திரக் கூடாதுன்னு வாயைப் பொத்திக்கிட்டே வந்தேன்" என்றாள். பிறகு எதற்காகக் காத்திருக்கிறாய் என்றேன். கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போடச் சொன்னவள் அவள்தான். அங்கிருந்து பார்த்தால் முற்றமும் காரும் நேராகத் தெரியும். "கலியாணம் முடிஞ்சதுலேர்ந்து அவிய இத்தன நாளு என் கண்ணு முன்னால நின்னதே கெடையாது மக்கா. காலையில கண்ணு முழிச்சா அங்க நிக்காவ. உச்சைக்கு வேர்த்து ஒழுகிக்கிட்டு நிக்காவ. அது ஸ்டார்ட் ஆயிட்டுன்னா பொறவு எங்கயாவது வேல தேடி ஓடிருவாவ. ஆவாண்டாம்னு அம்மன்ட்டயே கேட்டுட்டேன். இப்பம் அவியகிட்ட ஒண்ணும் சொல்லீராத, நிக்கட்டு." எனக்கு அதற்கு மேல் கோபப்படத் தெரியவில்லை. வெளியே 'டப்' என்றது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பரணிக்கொடைக்கு முன்பே அக்காவுக்கு நினைவு தப்பியது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்ப வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் கிளம்பிய பிறகு, அத்தான் ஒரு பகலில் என்ஜினின் மேல்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. ஒரு பொறிக்கு ஒவ்வொரு பிஸ்டனும் இரண்டு முறை மேலே வருகிறது. ஒரு தடவை பெட்ரோலும் காற்றும் கலந்ததை அழுத்திக்கொண்டு, மறு தடவை எரிந்த புகையை வெளியே தள்ளிக்கொண்டு. இரண்டு தடவையும் வெளியே சக்கரத்தில் இருக்கிற குறி சேர்ந்துதான் நிற்கும். பொறி முதல் தடவை விழவேண்டும். அவர் மாட்டியதில் அது மறு தடவைக்கு விழுந்துகொண்டிருந்தது. அவர் வேலை பார்த்த என்ஜின்களில் உள்ளே பல்சக்கரங்களின் குறியைச் சேர்த்தால் போதும், இப்படி மாறிப்போக வழியே இல்லை. அந்தப் பழக்கத்தில் செய்துவிட்டார். டிஸ்ட்ரிபியூட்டரின் அச்சை அரைச் சுற்றுத் திருப்பி வைத்துச் சாவியைத் திருப்பினார். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தார். அவர்மேல் எனக்கிருந்த கடுப்பு அன்றோடு போயிற்று.

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் பரணிக்கொடைக்கு அந்தக் காரில் நாங்கள் இரண்டு பேரும் போய் அவள் பேரில் மண்டையப்பம் வைத்துவிட்டு வருகிறோம். அத்தானுக்கு வயதாகிவிட்டது.  திரும்பும்போது ஒரே பேச்சுதான். "அரைச் சுத்து மாப்ள. அண்ணைக்கே அதைப் பாத்திருந்தா அவளைக் கூட்டிட்டு வந்திருப்பேன். ஆசையோட காத்துக் கெடந்தா." அக்கா ஜன்னலோரம் சொன்னதை ஒவ்வொரு தடவையும் எனக்குச் சொல்லிவிடத் தோன்றும். அதைக் கேட்டால் அவருக்கு ஆறுதலாக இருக்குமா, இருக்காதா என்று தெரியாமல் விட்டுவிடுவேன். இந்த வருஷம் சொல்லிவிட்டேன். அவள் காருக்காகக் காத்திருக்கவில்லை, நீங்கள் முற்றத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள், கார் கிளம்பக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டாள், அவளுக்கு அதில் சந்தோஷம்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். இனியாவது அந்த அரைச் சுற்றை அவர் விட்டுவிடட்டும் என்று நினைத்தேன்.

தென்னந்தோப்பு ஒன்றின் ஓரமாக வண்டியை நிறுத்தினார். "அந்த ஜன்னலு வழியா பாத்தாளா?" என்றார்.

"ஆமா அத்தான். தெனமும்."

சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார். பிறகு, "நான் ஒருக்கா கூட அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கல்லியே மாப்ள" என்றார்.