பின் சீட்டில் குளிர்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் சிரித்துவிட்டுப் போங்கள். எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன்.

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஆஸ்பத்திரியோ மலைக்கு அந்தப் பக்கம். டாக்சி வாடகை எங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டது. அதனால்தான் அந்தப் பழைய எலெக்ட்ரிக் காரை வாங்கினேன். அடிமாட்டு விலை.

விற்றவர் சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"ஹீட்டரை மட்டும் அணைச்சிடாதீங்க சார்."

எனக்கு வேடிக்கையாக இருந்தது. சார்ஜ் நிற்க வேண்டுமென்றால் ஹீட்டரை அணை என்றுதான் ஊரே சொல்லும்.

அந்த வாரம் பனி கொட்டி ரோடு அடைத்துக்கொண்டது. ஒரு டயாலிசிஸ் தவறிப்போனது. ரோடு திறந்த அன்று சாயங்காலம் அவளுக்கு மூச்சு இழுத்தது. முகம் வீங்கியிருந்தது. அள்ளி முன் சீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மணி 4.10. ஏற்றம் தொடங்கியது. சார்ஜ் மளமளவென்று இறங்கியது. ஹீட்டரை அணைத்தேன்.

டிக்.

தானாகவே ஆன் ஆனது. மறுபடி அணைத்தேன். மறுபடி... டிக்.

மூன்றாவது தடவை பட்டனை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அந்தச் சத்தம். பின்னாலிருந்து...

டக்டக்டக்... குளிரில் பல் தந்தியடிக்கிற சத்தம்.

"என்னங்க... ஹீட்டரைப் போடுங்க."

"போட்டா போய்ச் சேர மாட்டோம்மா. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"எனக்கில்லைங்க... பின்னாடி புள்ள நடுங்குது."

கண்ணாடியில் பார்த்தேன். சீட் காலி.

ஆனால் பின் ஜன்னலில், கீழாக, ஒரு சின்ன வட்டம். மூச்சு பட்டுப் பட்டு...

விரிந்தது. சுருங்கியது.

விரலை எடுத்துவிட்டேன்.

டிக்.

சார்ஜ் இரண்டு பர்சென்ட். ஒன்று...

பூஜ்யம்.

கார் நிற்கவில்லை.

4.52க்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். அவள் பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் விற்றவருக்குப் போன் செய்தேன். நான் வாயைத் திறக்குமுன் அவரே கேட்டார்.

"அணைச்சிட்டீங்களா?"

பிறகு உடைந்து அழுதார். போன குளிர்காலம், அதே ஏற்றம். காய்ச்சலில் கிடந்த மகனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பனியில் வண்டிகள் விடிய விடிய நின்றிருக்கின்றன. சார்ஜ் தீர்ந்துவிடுமே என்று ஹீட்டரை அணைத்தாராம். 'குளிருதுப்பா, குளிருதுப்பா' என்று பின் சீட்டிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தவன் ஒரு நேரத்துக்குமேல் சொல்லவில்லை. தூங்கிவிட்டான் என்று நினைத்தாராம்.

"ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தப்ப பன்னெண்டு பர்சென்ட் மிச்சம் இருந்துச்சு சார்..."

நாளைக்கு மறுபடியும் டயாலிசிஸ். எங்களிடம் வேறு கார் இல்லை.