ராசியான லெட்டர்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரைத் தொட்ட முதல் ஆள் நான்தான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தின் படியை மிதித்த முதல் ஆளும் நான்தான்.

ஆறாம் வகுப்பில் வாரத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் பீரியட். ஒரு மெஷினுக்கு நான்கு பேர். டைப் அடிப்பது, சேவ் பண்ணுவது, எழுத்தைத் தடிமனாக்குவது எல்லாம் முடிந்து, ஒருநாள் சார் ‘ரீப்ளேஸ் ஆல்’ காட்டினார். பக்கம் முழுக்க இருந்த ராமுக்கள் எல்லாரும் ஒரே அமுக்கில் சோமு ஆனார்கள். அதைவிடப் பெரிய வித்தையை நான் அதுவரை பார்த்ததில்லை.

அந்தச் சமயம்தான் சிகந்திராபாத்தில் ஒரு கான்வென்டில் ஆயா வேலை இருப்பதாக அம்மாவுக்குத் தெரியவந்தது. ஆயாவின் பிள்ளைக்கு அங்கேயே சீட் கொடுப்பார்கள். அம்மாவுக்கு வேலையைவிட அந்த சீட்தான் கண்ணில் நின்றது.

பக்கத்து வீட்டு அத்தை வேறொரு பள்ளியில் ஆயா. அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்த இங்கிலீஷ் விண்ணப்பம் மெட்டுகுடா நெட் சென்டரில் இன்னும் பத்திரமாக இருந்தது.

“ராசியான லெட்டர்டா அது. உங்கம்மா பேரு, உங்கப்பா பேரு, ஸ்கூல் பேரு போடு, போதும். மத்ததுல கை வைக்கறது நக்கோ, வேணாம்” என்றாள் அத்தை.

“ஒரு புள்ளி மாறக்கூடாது, ஆமா” என்றாள் அம்மா.

மாற்றவில்லை. அத்தையின் பெயர் இருந்த இடத்தில் அம்மாவின் பெயர் வந்தது. மாமாவின் பெயர் இருந்த இடத்தில் அப்பாவின் பெயர் வந்தது. நெட் சென்டர் அண்ணனே என் வேகத்தைப் பார்த்துவிட்டு, “க்யா பாத் ஹை!” என்று மெச்சினார். அச்சடித்த தாளை நான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பாதிக்கு மேல் எனக்கே அர்த்தம் தெரியாது. படிக்கத் தெரியாத அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அடுத்த வாரமே கூப்பிட்டுவிட்டார்கள். உப்பல் ஃபேக்டரியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு அப்பா எங்களை அழைத்துப்போனார். அவர் கேட்டுக்கு வெளியே சைக்கிளோடு நின்றுகொண்டார்.

தலைமையாசிரியை தமிழ்க்காரர்தான். தாளைப் பார்த்தார். அம்மாவின் தலையிலிருந்த கனகாம்பரத்தைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

“வீட்டுக்காரர் போன வருஷம் தவறிட்டார்னு எழுதியிருக்கு. அதுக்காகத்தான் உங்க அப்ளிகேஷனை எல்லாத்துக்கும் மேல வெச்சேன். ஆதரவு இல்லாத பொம்பளைக்குத்தான் இந்த வேலைன்னு...”

அவர் முடிக்கவில்லை, அம்மா எழுந்துவிட்டாள். “யாரு மேடம் சொன்னது? அதோ பாருங்க, கேட்டுக்குப் பக்கத்துல நிக்கிறாரு. கல்லு மாதிரி இருக்காரு.”

ஜன்னலுக்கு வெளியே, தவறிப்போன என் அப்பா வாட்ச்மேனிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இறந்துபோனவர் அத்தையின் வீட்டுக்காரர். நான் பெயரை மட்டும் மாற்றியிருந்தேன்.

“மேடம், இருங்க மேடம், அஞ்சே நிமிஷத்துல மாத்திக் கொண்டுவந்துடறேன்!”

“ஹவ்? அப்படியா? அஞ்சு நிமிஷத்துல உசுரு குடுத்துடுவியா?” என்று அவர் சிரித்துவிட்டார். பிறகு அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, “அப்போ உங்களுக்குக் கொடுக்க முடியாதும்மா. தப்பா நினைக்காதீங்க” என்றார்.

அம்மா கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்தப் பள்ளியில் ஊஞ்சல்கூட இருந்தது.

வெளியே வந்ததும், “என்ன ஆச்சு, கிடைச்சுதா?” என்றார் அப்பா.

“வேற யாருக்கோ கொடுக்கறாங்களாம். நீங்க வண்டிய எடுங்க.”

முதுகில் ஒன்று விழும் என்று நான் காத்திருந்தேன், விழவில்லை. என்னை முன்கம்பியில் ஏற்றிக்கொண்டு, அம்மா பின்னால் உட்கார்ந்ததும் அப்பா மிதித்தார்.

தெருவில் அப்பாவுக்குப் பக்கத்தில் நடக்கவே கூச்சப்படுகிறவள், அன்று வழியெல்லாம் அவர் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“விடுடி, சட்டை கிழிஞ்சுடப் போகுது” என்றார் அப்பா.

அவள் விடவில்லை. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ரோடெல்லாம் பள்ளம், விழுந்துவிடுவோம் என்று அம்மாவுக்குப் பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, “மெதுவாப் போங்கப்பா” என்றேன்.